கண்டோரும் காட்டப்பட்டோரும்: பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றிய விவரணப்படமும் பார்வையாளர் எதிர்வினையும்

கலைப்படைப்பு ஒன்றினை மதிப்பிடப் புகும் திறனாய்வாளர், படைப்பினையும் படைப்பாளியையும் நோக்கும் அளவிற்குப் பார்வையாளரை நோக்குவதில்லை. பார்வையாளரின் எதிர்வினை 'வரவேற்பு' என்ற ஒரு சொல்லுள் அடக்கப்பட்டு, கட்டுரையின் இறுதியில் ஓரிரு வாக்கியங்களில் முடிக்கப்பட்டுவிடுகின்றது. புனைகதைத் திரைப்படத்தைப் பொறுத்தவரை இம்முறையாற் பெருந்தீங்கு விளைவதில்லை எனலாம். ஆனால், பொருளாதார ஏற்றத்தாழ்வினைப் பொருளாகக் கொண்ட விவரணப்படத்துக்கு இம்முறை பொருந்தாது. கோவலன் கொலையுண்டதற்கு அக்கதையைக் கூத்தாகக் காணும் அவையோர் பொறுப்பாளிகள் அல்லர். பிறனொருவனின் கூலி குறைந்திருப்பதைத் திரையிற் காண்பவனோ, அக்கூலியால் விளைந்த பொருளை மலிவாக வாங்கி உண்பவனாயின், அவ்வாறு விலகி நிற்றல் இயலாது. திரைக்கு வெளியே அமர்ந்திருப்பினும், திரையிற் காட்டப்படும் உறவின் ஒரு முனையில் அவனும் நிற்கின்றான்.

எனவே இத்தகைய படங்களுக்கு எழும் பரிவு, நாணம், சினம், மறுப்பு ஆகியவற்றைத் தனிமனிதரின் மனப்பக்குவத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. காண்போன் சமுதாயத்தில் எவ்விடத்தில் நிற்கின்றான், படம் அவனை எவ்விடத்தில் அமர்த்துகின்றது என்னும் இரண்டுமே எதிர்வினையின் தன்மையை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 1960இல் ஒளிபரப்பப்பட்ட 'ஹாவெஸ்ற் ஒஃப் ஷேம்' (வெட்கத்தின் அறுவடை) என்னும் தொலைக்காட்சி விவரணப்படம் சிறந்த எடுத்துக்காட்டாகும். அப்படம் பெற்ற எதிர்வினைகளின் வரலாறு, படத்தினின்றும் பிரிக்க முடியாத அதன் மறுபாதியாக அமைந்துள்ளது.

அப்படம் தோன்றிய மரபினைச் சுருக்கமாக நோக்குதல் இவ்விடத்துப் பொருந்தும். பிரித்தானியாவில் விவரணப்படத்தை ஓர் இயக்கமாக வளர்த்த ஜோன் கிரியர்சனும் அவர்தம் குழுவினரும், சமூகப் பிரச்சினைகளைக் குடிமக்களுக்கு எடுத்துரைக்கும் கருவியாக அதனைக் கருதினர். ஆர்தர் எல்ற்றன், எட்கர் அன்ஸ்ரி ஆகியோர் 1935இல் உருவாக்கிய 'ஹவுசிங் புறொப்ளம்ஸ்' என்னும் படத்தில் இலண்டன் சேரிவாசிகள் கமராவை நேரே நோக்கித் தம் வாயாலேயே தம் நிலையைக் கூறினர். அக்காலத்தில் அது பெரும் புதுமை. ஆயினும், அப்படத்துக்குப் பணம் வழங்கியது எரிவாயுத் தொழிற்றுறை என்பது மனங்கொள்ளத்தக்கது. சேரிகளை அகற்றிப் புதிய குடியிருப்புகளை அமைத்தலே படம் காட்டிய தீர்வு. சேரியின் உடைமையாளர் யார், அங்கு வசூலிக்கப்பட்ட வாடகை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்கள் அதன் மையத்துக்கு வரவில்லை. பார்வையாளர், நல்லெண்ணம் படைத்த குடிமகன் என்ற ஆசனத்தில் அமர்த்தப்பட்டார். அவ்வாசனம் வசதியானது. அதில் அமர்ந்தவர் இரங்கலாம். இரங்கியதற்காகத் தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளவும் செய்யலாம்.

'ஹாவெஸ்ற் ஒஃப் ஷேம்' இம்மரபில் வந்தது. எனினும் இவ்வாசனத்தை ஓரளவு அசைத்தது. சீ.பி.எஸ். நிறுவனத்தின் சார்பில் டேவிட் லோவ் தயாரித்து, புகழ்பெற்ற ஒலிபரப்பாளரான எட்வேட் மறோ வழங்கிய இப்படம், 1960 நவம்பர் 25ஆந் திகதி ஒளிபரப்பாகியது. அந்நாள், அமெரிக்கர் அறுவடைக்கு நன்றி நவிலும் திருநாளுக்கு மறுநாள் ஆகும். விருந்தின் எச்சம் வீடுகளில் இன்னும் எஞ்சியிருந்த வேளையில், அவ்விருந்துக்குரிய காய்கனிகளைப் பறித்தவர்களின் வாழ்வு திரையிற் காட்டப்பட்டது. தெரிந்தே மேற்கொள்ளப்பட்ட இத்தேர்வின் மூலம், பார்வையாளரைக் குடிமகனாக மட்டுமன்றி உண்பவனாகவும் விளித்தது படம். அதன் முதன்மையான சிறப்பு இதுவே.

புளோரிடாவில் விடியுமுன் கூலியாட்கள் கூட்டமாக நிற்க, அன்றைய கூலியைக் கூவிக் கூவி ஆள்பிடிப்போர் அவர்களை லொறிகளில் ஏற்றும் காட்சியுடன் படம் தொடங்குகின்றது. பருவத்தைப் பின்பற்றி வடக்கு நோக்கிப் பெயர்ந்து செல்லும் குடும்பங்களைக் கமரா தொடர்கின்றது. நாள் முழுவதும் வயலிற் பாடுபட்டு ஒரு டொலர் மட்டுமே ஈட்டிய தாய், தங்குமிடத்திற் குழந்தைகளைப் பராமரித்துக்கொண்டிருக்கும் சிறுவன், எலி கடித்துத் துளையிட்ட படுக்கை ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. இவற்றினும் வலிமை மிக்கது ஓர் ஒப்பீடு. சந்தைக்குக் கொண்டுசெல்லப்படும் கால்நடைகளை இருபத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, நீரும் தீனியும் ஓய்வும் அளித்தல் வேண்டும் என்பது சட்டம். நான்கு பகலும் மூன்று இரவும் நீளும் பயணங்களில் லொறிகளில் நெருக்கி ஏற்றிச் செல்லப்படும் மனிதருக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை. இவ்வொப்பீட்டிற் கண்ணீருக்கு இடமில்லை; சட்டமும் சந்தையும் எதற்கு விலைமதிப்பு அளிக்கின்றன என்பதே முன்வைக்கப்படுகின்றது.

படத்தில் மறுதரப்பும் பேசுகின்றது. அமெரிக்கப் பண்ணையாளர் சம்மேளனத்தின் தலைவர் சாள்ஸ் ஷூமன் தோன்றி, வேறு தொழிலுக்கு உதவாத இத்தகையோர் ஆண்டிற் சில நாட்களாவது உழைத்துச் சிறிது பணம் ஈட்டுவது, ஒன்றும் ஈட்டாதிருப்பதினும் மேலானது என்னும் கருத்தை வெளியிடுகின்றார். சுரண்டலை ஈகையாக மாற்றும் இத்தர்க்கம் எல்லா நாட்டுத் தோட்டங்களிலும் கேட்கக்கூடியதே. படம் அதனை வாதிட்டு மறுப்பதில்லை. காட்சிகளுக்கு அருகில் அதனை வைத்துவிடுகின்றது. மறுக்கும் பொறுப்பு காண்போருடையதாகின்றது.

இனி எதிர்வினைகளை நோக்கலாம். அவை மூவகைப்பட்டன. முதலாவது, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரிடையே எழுந்த அதிர்ச்சியும் பரிவும். தாம் உண்ணும் உணவின் பின்னணியை அறியாதிருந்தோர் அதனை முதன்முறையாக அறிந்தனர். இரண்டாவது, பண்ணையாளர் அமைப்புகளும் அவர்களைச் சார்ந்த அரசியல்வாதிகளும் வெளியிட்ட சினம். படம் ஒருபக்கச் சார்பானது, மிகைப்படுத்தியது, தனி நிகழ்வுகளைப் பொதுநிலையாகக் காட்டியது என்பனவே அவர்தம் குற்றச்சாட்டுகள். இவ்வகைக் கண்டனத்தின் இயல்பு ஆராயத்தக்கது. கூலி குறைவு என்பதை அது நேரடியாக மறுக்கவில்லை. கூறப்பட்ட விதத்தையே மறுத்தது. விவரமொன்றிற் பிழை காணப்படின், அப்பிழையின் நிழலில் முழு உண்மையையும் மறைத்துவிடலாம் என்பது உடைமை வர்க்கத்தின் பழகிய உத்தி. எனினும் இச்சினத்தை வெறும் பொய்மை என ஒதுக்கிவிடலாகாது. படம் தம் நலனைத் தொடுகின்றது என்பதைப் பரிவு கொண்டோரினும் பண்ணையாளரே விரைவாகவும் சரியாகவும் உணர்ந்தனர்.

மூன்றாவது எதிர்வினையே வியப்புக்குரியது. அது படத்தை வழங்கிய மறோவிடமிருந்தே வந்தது. 1961இன் தொடக்கத்தில் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவின் வெளிநாட்டுப் பிரசாரத்தை நடத்திய ஐக்கிய அமெரிக்கத் தகவல் நிறுவனத்தின் தலைவராக மறோ பொறுப்பேற்றார். அவ்வேளை இப்படத்தைப் பிரித்தானியாவில் ஒளிபரப்புதற்கு பி.பி.சி. ஆயத்தமாகியது. அதனை ஒளிபரப்ப வேண்டாம் என, பி.பி.சி.யின் பணிப்பாளர் நாயகமாக இருந்த ஹியூ கார்ல்ரன் கிறீனிடம் மறோ தனிப்பட்ட முறையில் வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, படம் ஒளிபரப்பாகியது. செய்தி வெளிவந்ததும் மறோ அமெரிக்காவிற் கடும் கண்டனத்துக்கு உள்ளானார்.

இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் ஒரு தனிமனிதரின் சறுக்கலாகவே கூறிச் செல்வர். நேர்மைக்குப் பெயர்பெற்ற ஒருவர் பதவியின் பொருட்டு வளைந்தார் என்னும் விளக்கம் எளிமையானது, ஆனால் போதாதது. படத்தின் தொடக்கத்துக்கு மீண்டும் செல்லுதல் வேண்டும். ஆள்பிடிக்கும் காட்சி ஓடும்போது மறோவின் குரல் கூறுவது யாது? இது கொங்கோவில் நிகழ்வதன்று. ஜொகன்னஸ்பேர்க்கிலோ கேப்டவுனிலோ நிகழ்வதுமன்று. இது அமெரிக்கா என்பதே அதன் சாரம். 1960, கொங்கோ விடுதலை பெற்ற ஆண்டு. தென்னாபிரிக்காவின் ஷாப்வில்லில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டின் பார்வையாளருக்கு அவ்விடப்பெயர்கள் உடனடி உணர்வலைகளை எழுப்புவன. ஆனால், இவ்வாக்கியம் எதன்பால் வெட்கத்தைத் திருப்புகின்றது? மனிதர் இவ்வாறு வாங்கப்படுகின்றனரே என்பதன்பால் அன்று. 'நம் நாட்டில்' வாங்கப்படுகின்றனரே என்பதன்பால். அங்கு நிகழ்வது எதிர்பார்க்கத்தக்கது, இங்கு நிகழ்வதே அவமானம் என்னும் உட்கிடை அதில் உண்டு.

வெட்கம் என்பது பிறர் பார்வையை முன்னிட்டு எழும் உணர்ச்சி. வீட்டினுள் வெட்கப்படுவதற்கும் அயலார் முன்னிலையில் வெட்கப்படுத்தப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. தேசியப் பெருமிதத்தை அளவுகோலாக்கி வெட்கத்தைத் தூண்டிய ஒருவர், அதே தேசத்தின் மதிப்பைக் காக்கும் பதவியை ஏற்றதும் அயலார் பார்வையினின்றும் அவ்வெட்கத்தை மறைக்க முற்பட்டது முரண்பாடு போலத் தோன்றினும், உண்மையில் ஒரே நூலின் இரு முனைகளே. 1961இல் விடுக்கப்பட்ட வேண்டுகோளின் வித்து 1960இன் முதல் வாக்கியத்திலேயே கிடந்தது. "இது ஏன் இவ்வாறு இருக்கின்றது?" என்ற வினா, "இதனை யார் பார்க்கின்றார்கள்?" என்ற வினாவாக மாறிய அக்கணத்தில், வயலில் ஒரு டொலர் ஈட்டிய தாய் இரு வினாக்களுக்கும் வெளியே தள்ளப்பட்டுவிட்டாள்.

இம்மாற்றம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நெறியாளர் லூயி மால், இந்தியாவிற் படம்பிடித்து 1969இல் வெளியிட்ட 'கல்கத்தா' என்னும் படமும், அதனோடு தொடர்புடைய ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரும் 1970இல் பி.பி.சி.யினால் ஒளிபரப்பப்பட்டன. இந்திய அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது, அவ்வாண்டில் பி.பி.சி.யின் டெல்லி அலுவலகம் மூடப்படும் நிலை ஏற்பட்டது. இவ்வெதிர்ப்பைப் பண்ணையாளரின் சினத்தோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் நியாயமாகாது. இரு நூற்றாண்டு ஆண்டு வறுமையைப் பெருக்கிய நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம் அவ்வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது பற்றிய மனக்கசப்புக்கு வரலாற்று அடிப்படை உண்டு. அந்நியனின் கமரா உண்டாக்கும் இடையூற்றை மாலே தம் வருணனையில் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும், விவாதம் முழுவதும் தேசத்தின் மானம், கலைஞனின் உரிமை என்னும் இரண்டுக்கும் இடையிலேயே நிகழ்ந்தது. கல்கத்தாவின் சேரிகளில் வாழ்ந்தோர் அவ்விவாதத்திற் பொருளாயினரேயன்றித் தரப்பாகவில்லை.

பார்வையாளர் பிரச்சினையை நேரே எதிர்கொண்டவர்கள் ஆர்ஜென்டீனாவின் பெர்னாண்டோ சொலனாஸ், ஒக்ராவியோ கெற்றினோ ஆகிய இருவரும். அவர்கள் 1968இல் நிறைவுசெய்த 'லா ஓரா டே லொஸ் ஓர்னொஸ்' நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட, மூன்று பகுதிகளாலாகிய படம். இராணுவ ஆட்சியின் கீழ் அது வீடுகளிலும் தொழிற்சங்கக் கூடங்களிலும் மறைவாகக் காட்டப்பட்டது. இடையிற் படம் நிறுத்தப்பட்டு, வந்திருந்தோர் விவாதிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. பார்க்க வருதலே ஆபத்தான செயலாகையால், வந்தவர் பார்வையாளர் என்ற நிலையினின்றும் பங்காளர் என்ற நிலைக்கு முன்னரே நகர்ந்துவிட்டார். இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு. ஆபத்தை ஏற்று வந்தவர் பெரும்பாலும் ஏற்கெனவே உடன்பட்டவர். உடன்படாதவர் அக்கூடத்தில் இல்லை. மேலும், பெரோன் இயக்கத்தைச் சார்ந்து படம் முன்வைத்த முடிவு, திறந்த விவாதத்துக்கு விட்ட இடத்தைத் தானே குறுக்கியும்விட்டது. பார்வையாளரைப் பேசவைத்தல் வேறு; அவர் என்ன பேசினாலும் ஏற்க ஆயத்தமாயிருத்தல் வேறு.

இந்நிலையில், எதிர்வினையின் பயனை எவ்வாறு அளப்பது என்னும் வினா எழுகின்றது. 'ஹாவெஸ்ற் ஒஃப் ஷேம்' படத்தின் இறுதியில் மறோ பார்வையாளரை நோக்கி விடுத்த வேண்டுகோள் இங்கு முக்கியமானது. காய்கனிகளைப் பறிக்கும் வலிமை இம்மக்களுக்கு உண்டு. சட்டத்தை மாற்றும் வலிமை அவர்களுக்கு இல்லை. ஒருவேளை நமக்கு உண்டு என்பதே அவ்வேண்டுகோளின் கருத்து. நேர்மையான வேண்டுகோள்தான். ஆனால் அது வலிமையை முழுவதும் திரைக்கு இப்பால் வைக்கின்றது. படத்தின் தொடக்கத்தில் உண்பவனாக நிறுத்தப்பட்ட பார்வையாளர், முடிவிற் புரவலராக எழுந்து செல்கின்றார்.

படத்தை அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? 1962இற் புலம்பெயர் பண்ணைத் தொழிலாளரின் சுகாதாரத்துக்கான சட்டம் நிறைவேறியது. 1966ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பண்ணைத் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்கு விரிவாக்கியது. இவை ஒரு படத்தின் விளைவுகள் எனக் கூறுதல் மிகையாகும். அது எழுப்பிய பொதுசன உணர்வுக்கு அவற்றிற் பங்கில்லை எனக் கூறுதலும் பொருந்தாது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சங்கம் அமைத்துப் பேரம்பேசும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டம், பண்ணைத் தொழிலாளரை விலக்கி வைத்திருந்தது. அவ்விலக்கு அப்படியே நிலைத்தது. பரிவு மருந்தகத்தைத் திறந்தது; கூலி நிர்ணயிக்கப்படும் இடத்தின் கதவை அது திறக்கவில்லை. பத்தாண்டுகளின் பின், 1970இல், என்.பி.சி. நிறுவனம் புளோரிடாவின் புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி மீண்டும் ஒரு விவரணப்படம் ஒளிபரப்பியபோது, காட்டுவதற்கு அதேபோன்ற அவலங்கள் எஞ்சியிருந்தன.

அதே 1970இல், நாட்டின் மறுகரையில் வேறொன்று நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டெம்பரில் பிலிப்பினோ முந்திரிகைத் தோட்டத் தொழிலாளர் லறி இற்லியோங் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். சில நாட்களுள் சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவேர்ட்டா ஆகியோரின் சங்கத்தைச் சேர்ந்த மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளரும் இணைந்தனர். வேலைநிறுத்தம் நீண்டபோது, கலிபோர்னிய முந்திரிகைப் பழத்தை வாங்காதிருக்குமாறு நாடெங்குமுள்ள நுகர்வோரை அவர்கள் கேட்டுக்கொண்டனர். 1970 யூலையில் டெலானோத் தோட்ட உரிமையாளர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். இவ்வெற்றி நிலையானதன்று என்பதும் கூறப்படவேண்டும். 1973இல் ஒப்பந்தங்கள் காலாவதியானபோது உரிமையாளர் பலர் வேறொரு சங்கத்தின்பாற் சென்றனர். எனினும், 1975இற் கலிபோர்னியா தனது மாநில எல்லையுள் பண்ணைத் தொழிலாளருக்குப் பேரம்பேசும் உரிமையைச் சட்டமாக்கியது.

இங்கு நுகர்வோனுக்கு அளிக்கப்பட்ட இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் உண்பவனாகவே விளிக்கப்பட்டான், உண்பவனாகவே செயற்பட்டான். என்ன செய்யவேண்டும், எவ்வளவு காலம் செய்யவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் தொழிலாளர். 1960இன் படம் தொட்டு, பின்னர் கைவிட்ட உறவை டெலானோத் தொழிலாளர் இறுதிவரை பற்றிக்கொண்டனர். படம் அதற்கு வழியமைத்தது எனத் துணிந்து கூற இயலாது. பழத்தட்டுக்குப் பின்னால் மனிதர் உளர் என்பதை இலட்சக்கணக்கான வீடுகளில் முன்னரே கூறிவைத்திருந்தது என்னும் அளவில் அதற்குரிய நன்றியைச் செலுத்தலாம்.

இவ்வுறவைப் படத்தின் வடிவத்துக்குள்ளேயே கொணரும் முயற்சியொன்று இலங்கை மண்ணிலும் நிகழ்ந்தது. பசில் றைற் நெறிப்படுத்தி 1934இல் உருவான 'சோங் ஒஃப் சிலோன்' அதுவாகும். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுக்கப்பட்டு, 1935இற் பிரசெல்சிற் பரிசும் பெற்ற படம் அது. அதன் மூன்றாம் பகுதியில் உழைப்போரின் காட்சிகளின் மீது சந்தை விலைகளையும் கப்பற் செய்திகளையும் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. கொழுந்தும் விலையும், கையும் கணக்கும் ஒரே கணத்தில் இணைகின்றன. ஆயினும் படத்தின் பெரும்புகழ் அதன் எழிலுக்கே கிடைத்தது. கடல்கடந்த தேயிலை நுகர்வோருக்கென எடுக்கப்பட்ட படத்தில், கொழுந்து பறித்தோர் பார்வையாளராகக் கருதப்படவில்லை. நாட் சம்பளம் பற்றிய கோரிக்கை இன்றளவும் ஓயாத தோட்டங்களின் கதையில், அக்குரல்களின் பொருளை அவர்களே மிகச் சரியாக விளங்கியிருப்பர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஏற்றத்தாழ்வு பற்றிய விவரணப்படத்தை அணுகும் திறனாய்வு, படம் எத்துணை பேரை அழவைத்தது எனக் கணக்கிடுவதோடு அமையலாகாது என்பது புலனாகும். படம் வறுமையைக் காட்டுகின்றதா, வறுமைக்கும் செல்வத்துக்கும் இடையிலான உறவைக் காட்டுகின்றதா என்பது முதல் வினா. காண்போரைப் புரவலராக அமர்த்துகின்றதா, உறவின் ஒரு முனையாக நிறுத்துகின்றதா என்பது இரண்டாவது. காட்டப்பட்டோர் அப்படத்தின் பார்வையாளராகவும் கருதப்பட்டனரா என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது வினாவே இதுகாறும் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது. பல்கலைக்கழக மண்டபங்களில் இத்தகைய படங்கள் காட்டப்பட்டுக் கலந்துரையாடல்கள் நடைபெறும்போது, ஒளியமைப்பும் படத்தொகுப்பும் நெறியாளரின் நோக்கும் விரிவாக விவாதிக்கப்படுகின்றன. அவ்வேளை மண்டபத்தைக் கூட்டித் துடைத்துக் கதிரைகளை அடுக்கியவர் பெரும்பாலும் கதவுக்கு வெளியே நிற்கின்றார். அவரையும் உள்ளே அழைத்து, படத்தைப் பற்றி அவர் கூறுவதைக் கேட்ட பின்னர் எழுதப்படும் திறனாய்வே இத்துறையில் அடுத்த அடியை எடுத்துவைப்பதாகும்.